லோயர் பரேலை வரைந்த மருத்துவர்

மும்பையில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கட்டடத்தின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தகரத் தடுப்பில் மாட்டிவிடுகிறார்கள். கணினியில் செய்த அந்தப் படங்களில் வானம் எப்போதும் நீலமாக இருக்கும். மரங்களெல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நடமாடும் மனிதர்களுக்கு முகம் இருக்காது. அந்த மனையில் நேற்றுவரை என்ன இருந்தது, யார் குடியிருந்தார்கள், தடுப்புக்கு உள்ளே கம்பி கட்டுகிறவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அந்தப் படத்தில் இடம் கிடையாது.

அதே மும்பையின் கட்டடங்களை இன்னொருவரும் சுமார் ஐம்பது ஆண்டுகளாக வரைந்துவருகிறார். அவருடைய படங்களில் ஆலைப் புகைபோக்கிகளும் ரயில் தண்டவாளங்களும் சாக்கடைக் கால்வாய்களும் உண்டு. பாதி கட்டிய மாடிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், வேலைக்குப் போகிற அல்லது வேலை முடிந்து திரும்புகிற மனிதர்கள், தங்களுக்கே உரிய முகத்தோடும் உடம்போடும் இருக்கிறார்கள். அந்த ஓவியரின் பெயர் சுதீர் பட்வர்தன். 1949இல் புணேயில் பிறந்தவர். படிப்பால் மருத்துவர். ஓவியக் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர் அல்லர், தானாகவே கற்றுக்கொண்டவர்.

ஒரு நகரத்தின் வீடுகள் எப்படி மாறின என்பதைத் தெரிந்துகொள்ள அரசாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், கணக்கெடுப்பு அட்டவணைகள் எல்லாம் இருக்கின்றன. அந்த மாற்றம் அங்கே வாழ்ந்தவர்களின் உடம்பிலும் நடையிலும் எப்படி இறங்கியது என்பதை இவை சொல்வதில்லை. அதைச் சொல்லும் ஆவணங்கள் இந்திய நகரங்களைப் பொறுத்தவரை மிகக் குறைவு. பட்வர்தனின் ஓவியங்கள் அப்படிப்பட்ட ஆவணங்கள். அவற்றைக் கலைச் சந்தையின் சரக்காக மட்டும் விட்டுவிடாமல், மக்களின் பொதுப் பதிவாக மதித்து, அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

எக்ஸ்ரே அறையிலிருந்து தூரிகைக்கு

பட்வர்தன் புணேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1972இல் பட்டம் பெற்றார். அது இளைஞர்களிடம் இடதுசாரிச் சிந்தனை வேகமாகப் பரவிய காலம். அவரையும் மார்க்சியம் ஈர்த்தது. உழைக்கும் மனிதனைக் கலையின் நடுவில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில் வேர்விட்டது. 1973இல் மும்பைக்கு வந்தார். 1975 முதல் 2005 வரை, முழுதாக முப்பது ஆண்டுகள், தானேயில் கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றினார். பகலில் நோயாளிகள், மிச்ச நேரத்தில் ஓவியம். 2005க்குப் பிறகுதான் ஓவியமே முழுநேர வேலையானது.

தானேயில் அமர்ந்த அந்த முடிவு அவருடைய கலையின் போக்கைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது. 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் மும்பை போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற ஊர் அது. நூறு ஆண்டுகள் கழித்தும் ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த சிறுநகரமாகத்தான் இருந்தது. 1960களில் வாக்ளே தொழிற்பேட்டை வந்தது. பின்னால் ஆலைகள், அவற்றுக்கு ஆட்கள், அந்த ஆட்களுக்கு வீடுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிராமத்திலிருந்து வந்தவர் முதலில் குடிசை போட்டார். குடிசை ஓட்டு வீடானது. அதற்கு மேல் ஒரு தளம் ஏறியது. 2011 கணக்கெடுப்பில் தானே மாநகரின் மக்கள்தொகை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு ஊர் நகரமாவதை உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு ஓவியர்களில் வெகு சிலருக்கே கிடைக்கும். பட்வர்தனுக்குக் கிடைத்தது. அவர் அதை வீணாக்கவில்லை.

அவருடைய மருத்துவத் தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே படம் பார்க்கிறவர் ஒளிப்பெட்டியில் படத்தைச் செருகியதும் நோயைத் தேடித் தாவுவதில்லை. மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா, விலா எலும்புகள் சரியாக இருக்கின்றனவா, இதயத்தின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே போவார். நுரையீரலின் மேல்புறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளுப்பு தெரிந்தால் அது காசநோயாக இருக்கலாம். பஞ்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவரின் மூச்சுத் திணறலுக்குப் பின்னால் பஞ்சுத் தூசி இருக்கலாம். தொழில் நகரத்தில் எக்ஸ்ரே அறைக்கு வருகிற உடம்பு, அந்த மனிதர் எங்கே வேலை பார்க்கிறார், எப்படிப்பட்ட அறையில் தூங்குகிறார் என்பதையும் கொண்டுவந்துவிடும். பட்வர்தனின் ஆரம்பகால ஓவியங்களில் மனித உடம்புக்குக் கிடைத்திருக்கும் கனமும் அக்கறையும் இந்தப் பழக்கத்தோடு தொடர்புடையவை என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

மருத்துவமும் ஓவியமும் ஒருங்கே கைவந்தவர் மும்பையில் அவர் மட்டும் அல்லர். அவருடைய நண்பரும் கவிஞருமான கீவ் படேலும் மருத்துவர்தான். அவரும் மும்பையின் ரயில் நிலையங்களையும் தெருக்களையும் வரைந்தார். அவருடைய ‘ஆஃப் லாமிங்டன் ரோடு’ ஒரு தெருவின் கூட்டத்தை அப்படியே கேன்வாஸில் நிறுத்திய படம். 2023இல் அவர் காலமானார். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைக்கும் தொழிலில் இருந்த இந்த இருவருக்கும், நகரத்துக் கூட்டம் வெறும் கூட்டமாகத் தெரியவில்லை.

மனிதர்களுக்கான இடம்

1970களின் இந்திய ஓவிய உலகில் அருவ ஓவியத்துக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. மனித உருவத்தை, அதிலும் தெருவில் போகிற சாதாரண மனிதரை வரைவது பழைய பாணி என்று கருதியவர்கள் உண்டு. பட்வர்தன் அந்தச் செல்வாக்குக்கு வளையவில்லை. 1977இல் அவர் வரைந்த ‘இரானி ரெஸ்டாரன்ட்’ மும்பையின் மூலைக்கு மூலை இருந்த டீக்கடைகளில் ஒன்றைப் பற்றியது. ‘ட்ரெயின்’ 1980இல் வந்தது. லோக்கல் ரயிலில் ஒரே பெட்டிக்குள் நெருங்கியிருக்கும் மனிதர்கள், ஒருவருக்கொருவர் அந்நியராகவே பயணம் போகிறார்கள். 1981இல் ‘ஓவர்பிரிட்ஜ்’, ‘ஆக்சிடென்ட் ஆன் மே டே’ ஆகிய படங்கள் வந்தன.

அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1979இல் டெல்லியில் நடந்தது. நாடக மேதை இப்ராஹிம் அல்காஸி நடத்திவந்த ‘ஆர்ட் ஹெரிட்டேஜ்’ கூடம் அதற்கு இடம் கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்ற கண்காட்சி மும்பையிலும் டெல்லியிலும் நடந்தது. பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக், விவான் சுந்தரம், நளினி மாலனி, ஜோகன் சௌத்ரி ஆகியோரோடு பட்வர்தனும் அதில் பங்கெடுத்தார். கலை விமர்சகர் கீதா கபூர் அதற்கு எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கதை சொல்லும் ஓவியத்துக்கும் மனித உருவத்துக்கும் இந்திய நவீன ஓவியத்தில் மீண்டும் மதிப்பு வந்ததற்கு அந்தக் கண்காட்சி ஒரு முக்கியக் காரணம்.

பட்வர்தன் அந்தக் காலத்தில் தனக்கென்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டார். தான் யாரைப் பார்த்து வரைகிறாரோ அவர்களே அந்த உருவத்தைத் தங்கள் உருவமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. இது கடினமான இலக்கு. உழைப்பாளியை வீரனாக உயர்த்திக் காட்டுவது எளிது. பரிதாபமாகக் காட்டுவது அதைவிட எளிது. ஆலையிலிருந்து வீடு திரும்பும் ஒருவர் பார்த்து, “ஆமாம், நான்தான்” என்று ஒப்புக்கொள்ளும்படி வரைவதற்கு, அந்த ஆளின் தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதுவரை தெரிந்திருக்க வேண்டும்.

1980களின் நடுவில் அவர் பார்வை விரிந்தது. மனிதருக்குப் பின்னால் மங்கலாக இருந்த கட்டடங்கள் மெல்ல முன்னுக்கு வந்தன. 1984இல் வரைந்த ‘டவுன்’ ஓர் ஊரையே உயரத்திலிருந்து பார்க்கிறது. 1985இல் வந்த ‘நாலா’ ஆலைப் பகுதியின் கழிவுநீர்க் கால்வாயைக் கருவாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பெரிய நகரக் காட்சிகளில் பார்வை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு பக்கம் தெருவில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். இன்னொரு பக்கம் மொட்டை மாடியிலிருந்து. மற்றொரு மூலையில் ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து. மும்பையில் நடந்து பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. அந்த நகரம் ஒரே பார்வையில் யாருக்கும் அகப்படாது. செசானிடமிருந்தும் ஃபெர்னாண்ட் லெஜேயிடமிருந்தும் கற்றுக்கொண்ட வடிவ உறுதியை, தானே ரயில் நிலையத்தின் நெரிசலுக்குப் பயன்படுத்தியது அவருடைய சாதனை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை

அவர் வரைந்த வீடுகளின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஓவியங்களின் அருமை விளங்கும். மும்பையின் நடுப்பகுதியில், பரேல், லால்பாக், வொர்லி, நய்காவ் பகுதிகளைச் சேர்த்து ‘கிரண்காவ்’ என்பார்கள். பஞ்சாலைகளின் ஊர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய வரிசை வீடுகளுக்குச் ‘சால்’ என்று பெயர். மூன்று நான்கு மாடி. ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடை. நடையை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் ஒரே அறையில் பத்துப் பேர்கூடத் தங்கினார்கள். ஆலையில் மூன்று ஷிஃப்ட். ஆகவே அறையிலும் மூன்று ஷிஃப்ட். காலை வேலைக்குப் போகிறவர் பாயைச் சுருட்டும்போது, இரவு வேலை முடிந்தவர் வந்து தன் பாயை விரிப்பார். சுவரில் ஆளுக்கொரு ஆணி. அதில் ஒரு சட்டை, ஒரு பை. மூலையில் வரிசையாக டிரங்குப் பெட்டிகள். சாப்பாட்டுக்கு, அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். இந்தப் பெண்கள் 1975இல் சங்கமாகத் திரண்டதுதான் பிரேமா புரவ் தொடங்கிய ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’.

முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் முற்றியபோது பிரிட்டிஷ் அரசே களத்தில் இறங்கியது. 1920இல் ‘பாம்பே டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்’ என்ற துறையை உருவாக்கி, வொர்லி, நய்காவ், என்.எம்.ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. இன்றும் அவற்றுக்கு பி.டி.டி. சால் என்றே பெயர். வீடு ஒன்றுக்கு 160 சதுர அடி. தனியார் சால்களின் கதை வேறு. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பழைய அளவிலேயே நிறுத்தியது. குடியிருந்தவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. உரிமையாளர்களோ வருமானம் இல்லை என்று பராமரிப்பைக் கைவிட்டார்கள். மழைக்காலம்தோறும் மும்பையில் பழைய கட்டடங்கள் சரிந்து உயிர் பலியாவதற்கு இந்த நீண்ட புறக்கணிப்பும் ஒரு காரணம்.

பிறகு 1982 வந்தது. ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டது. முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் ஒன்றொன்றாக முடங்கின. வேலை போன பிறகு எஞ்சியது நிலம். மும்பையின் நடுவில் சுமார் 600 ஏக்கர்.

1991இல் மகாராஷ்டிர அரசு ஒரு விதி வகுத்தது. ஆலை நிலத்தை மேம்படுத்தும்போது மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்ற பொதுவெளிக்காக மாநகராட்சிக்குப் போக வேண்டும், மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்குப் போக வேண்டும், மீதி உரிமையாளருக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. ஆலை நிலத்தில் பெரும்பகுதியில் கொட்டகைகளும் கட்டடங்களும் நின்றதால், பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டிய பங்கு சுருங்கிப்போனது. எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஃபீனிக்ஸ் மில் இருந்த வளாகத்தில் இன்று ஆடம்பர வணிக வளாகம் இருக்கிறது.

அந்த 2001ஆம் ஆண்டில்தான் பட்வர்தன் ‘லோயர் பரேல்’ ஓவியத்தை வரைந்தார்.

அகன்ற கேன்வாஸ். ஆலைப் பகுதியும் ரயில் பாதையும் பாலமும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பழைய புகைபோக்கிகள் இருக்கும் அதே காட்சிக்குள் புதிய அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. சட்டத் திருத்தத்தைப் படித்தால் அதில் ‘நிலம்’, ‘பரப்பு’, ‘பங்கு’ என்ற சொற்கள்தான் கிடைக்கும். ஓவியத்தில் அந்த நிலத்தின் மேல் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு காலங்கள் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்த அந்தச் சில ஆண்டுகள் இன்று திரும்பி வராதவை. அதே ஆண்டில் அவர் வரைந்த ‘உல்ஹாஸ்நகர்’ படமும் முக்கியமானது. பிரிவினையின்போது வந்த சிந்தி அகதிகளை, கல்யாணுக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ முகாம்களில் தங்கவைத்ததிலிருந்து வளர்ந்த ஊர் அது. முகாம் அறைகள் கடைகளாகி, பட்டறைகளாகி, இடைவெளியே இல்லாத கான்கிரீட் நெரிசலாக மாறிய ஊர். அகதிகள் தாங்களே கட்டி எழுப்பிய அப்படியொரு நகரை நவீன இந்திய ஓவியம் பெரும்பாலும் திரும்பிப் பார்த்ததில்லை.

கலவரமும் வீடும்

மும்பையின் வீடுகளைப் பற்றிப் பேசும்போது 1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் தாண்டிப் போக முடியாது. அந்த இரு மாதங்களில் வெடித்த மதக் கலவரங்களில் 900 பேர் உயிரிழந்ததாக, அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவுசெய்தது. இறந்தவர்களின் கணக்கு ஒருபுறம். வீடு மாறியவர்களின் கணக்கு மறுபுறம். தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த பகுதிகளை விட்டு இஸ்லாமியக் குடும்பங்கள் வெளியேறின. தானேக்குப் பக்கத்தில் உள்ள மும்ப்ரா அதன் பிறகு பல மடங்கு பெருத்தது. பட்வர்தன் 1996இல் ‘ரயட்’ என்ற படத்தை வரைந்தார். தெருவில் போகிற மனிதர்களை அத்தனை பரிவோடு வரைந்தவருக்கு, அதே மனிதர்கள் கூட்டமாகத் திரண்டு ஒருவரைத் தாக்குவதையும் வரைய வேண்டி வந்தது. உழைக்கும் மக்கள்மீது அவருக்கிருந்த நம்பிக்கை இந்த இடத்தில் சோதனைக்கு உள்ளானது. அதை மூடி மறைக்காமல் கேன்வாஸில் வைத்தார் என்பதால்தான் அவருடைய மற்ற படங்களின் பரிவையும் நம்ப முடிகிறது.

பின்னாளில் அவர் நடுத்தர வர்க்க வீடுகளுக்கு உள்ளேயும் சென்றார். 2011இல் வந்த ‘ஃபேமிலி ஃபிக்‌ஷன்’ வரிசை, தெருவிலிருந்து திரும்பிக் கூடத்தையும் ஜன்னலையும் வீட்டு மனிதர்களையும் பார்க்கிறது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கட்டப்படும் நகரங்களையும் போரில் இடிந்து விழும் நகரங்களையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய படங்களை வரைந்தார். தூளான வீடுகளின் காட்சிகள் தினமும் தொலைக்காட்சியில் வரும் காலத்தில், வீடு கட்டுவதை வாழ்நாளெல்லாம் வரைந்த ஒருவர் இடிபாடுகளையும் வரையத் தொடங்கியது இயல்பான வளர்ச்சி.

யார் வீட்டுச் சுவரில்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தொழிலாளியின் அறையை வரைந்த படம் கடைசியில் யாருடைய வீட்டில் தொங்குகிறது? ஓவியச் சந்தையில் விலை ஏற ஏற, அந்தப் படம் வரையப்பட்ட தெருவிலிருந்து விலகித்தான் போகும். மில் நகரத்திலிருந்து வணிக நகரம்வரை மும்பையின் வரலாற்றைப் பல பலகங்களில் சொல்லும் ‘மும்பை ப்ராவெர்ப்ஸ்’, 2014இல் மகிந்திரா நிறுவனத்துக்காக வரையப்பட்டது. தனியார் நிறுவனம் ஓவியருக்கு ஆதரவு தருவதில் தவறு ஏதுமில்லை. இப்படியொரு படத்தை மும்பை மாநகராட்சியோ ரயில்வேயோ வரையச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா என்பதுதான் வருத்தம்.

பட்வர்தனுக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. நடுத்தர வர்க்கத்து மருத்துவர் ஒருவர் உழைப்பாளியின் சார்பில் எவ்வளவு தூரம் பேச முடியும் என்பதை அவர் தன் எழுத்திலும் பேச்சிலும் தொடர்ந்து கேட்டுவந்திருக்கிறார். கலை விமர்சகர் ரஞ்சித் ஹோஸ்கோட்டே அவரைப் பற்றி 2004இல் எழுதிய நூல், ‘தி காம்ப்ளிசிட் அப்சர்வர்’ (உடந்தையான பார்வையாளர்) என்ற தலைப்பிலேயே அந்தச் சிக்கலை வைக்கிறது. பட்வர்தன் கேள்வியோடு நின்றுவிடவும் இல்லை. 2008-09இல், இந்திய நவீன ஓவியங்களை மகாராஷ்டிரத்தின் பல நகரங்களுக்கும் கொண்டுசென்ற கண்காட்சி ஒன்றை ஒருங்கிணைத்தார். பெருநகரத்துக் கூடங்களுக்கு வெளியே இருக்கும் மக்கள் அசல் ஓவியங்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2019இல் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடம் நான்சி அடஜானியா தொகுத்த அவருடைய வாழ்நாள் ஓவியங்களின் பெருங்காட்சியை நடத்தியது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் கண்காட்சி சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. படங்கள் மீண்டும் பெட்டிக்குள் போய்விடுகின்றன.

ஓவியம் பார்த்து யாருக்கு வீடு கிடைக்கும் என்றும் கேட்கலாம். யாருக்கும் கிடைக்காது. பழைய ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்க மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் விண்ணப்பம் கேட்டபோது சுமார் ஒன்றரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2012 குலுக்கலில் இருந்தவை 6,925 வீடுகள். இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியது அரசும் சட்டமும். ஆனால், எந்த மக்களுக்கு வீடு தர வேண்டும் என்ற பொது மனசாட்சியைக் கட்டுவதில் படங்களுக்குப் பங்கு உண்டு. ஒரு நகரம் தன்னை விளம்பரப் பலகைகளில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஆலைத் தொழிலாளி அந்த நகரத்தில் எப்போதாவது இருந்தாரா என்ற சந்தேகமே அடுத்த தலைமுறைக்கு வந்துவிடும். நினைவிலிருந்தே விலக்கப்பட்டவருக்கு யாரும் வீடு ஒதுக்கமாட்டார்கள்.

தாராவிக்கும் இது பொருந்தும்

தமிழர்களுக்கும் இந்த விவகாரத்தில் நேரடிப் பங்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்குப் போய்த் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டியவர்களில் அவர்களும் உண்டு. தாராவியின் 90 அடிச் சாலையில் இன்றும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. இட்லி, மல்லிகைப்பூ, அரிவாள்மனை எல்லாம் கிடைக்கின்றன. சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பகுதியில் மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு தரப்படும் என்கிறது திட்டம். பிறகு வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வேறு இடங்களுக்குப் போக வேண்டும் என்பதால் எதிர்ப்பும் கிளம்பியிருக்கிறது. பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கும் தாராவியில், கீழே தொழிலும் மேலே தூக்கமுமாக வாழ்ந்த அந்தக் கட்டடங்கள் போய்விட்டால், அவை எப்படி இயங்கின என்பதைச் சொல்ல என்ன மிஞ்சும்? அளவையாளரின் ட்ரோன் படங்கள் மிஞ்சும். அவற்றில் கூரை தெரியும். கூரைக்குக் கீழே நடப்பது தெரியாது.

பழைய வீடுகளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. 160 சதுர அடியில் மூன்று தலைமுறை வாழ்வதும் பொதுக் கழிப்பறைக்கு முன்னால் வரிசையில் நிற்பதும் ரசிக்கத்தக்க மரபுகள் அல்ல. பி.டி.டி. சால் குடும்பங்கள் 500 சதுர அடி புது வீட்டுக்குப் போவது மகிழ்ச்சிக்குரியது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. பழைய வீட்டை இடிக்கும் முன் அதைப் பதிவுசெய்வதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. மறுசீரமைப்புக்கு ஒதுக்கும் கோடிகளில் மிகச் சிறு பங்கை ஓவியர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களுக்கும் ஒதுக்கலாம். அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை தரலாம். சேர்த்தவற்றைப் புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் பொது அறை ஒன்றில் வைக்கலாம். எங்கே வாழ்ந்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே ஓர் இடம் இருக்கும்.

பட்வர்தனின் ஓவியங்களைப் பொறுத்தவரை இன்னும் சுலபமான ஒன்றை உடனே செய்யலாம். அவருடைய பெரிய நகரக் காட்சிகளின் தரமான பிரதிகளை, அவர் அனுமதியோடு, அவை வரையப்பட்ட இடங்களிலேயே வைக்கலாம். ‘உல்ஹாஸ்நகர்’ படத்தை அந்த ஊர் ரயில் நிலையத்திலும், தானேயைப் பற்றிய படங்களைத் தானே மாநகராட்சி அலுவலகத்திலும் அரசு மருத்துவமனையிலும் மாட்டலாம். கீழே இரண்டு வரியில் மராத்தியிலும் இந்தியிலும் விவரம் எழுதினால் போதும். இதற்கு ஆகும் செலவு, ஒரு நடைமேடையில் விளம்பரப் பலகை வைக்க ஆகும் செலவைவிடப் பெரிதாக இருக்காது. ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதே லோயர் பரேலுக்குக் காவலாளிகளாகவும் கணக்கர்களாகவும் விற்பனைப் பெண்களாகவும் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார்கள். மேற்கு ரயில்வே மனம் வைத்தால் முதல் படத்தை அந்த நிலையத்தின் நடைமேடையிலேயே மாட்டித் தொடங்கலாம்.